அடியில் எழுதியிருப்பது வயதல்ல

பழைய சீனப் பீங்கான் ஒன்று கைக்கு வந்தால் நாம் செய்யும் முதல் வேலை அதைக் கவிழ்ப்பது. அடியில் நீல நிறத்தில் ஆறு எழுத்துகள் இருக்கும். கைபேசியில் படம் பிடித்தால் நொடியில் பதில் வந்துவிடும்: மிங் வம்சம், செங்ஹுவா பேரரசர் ஆட்சி. அவர் ஆண்டது 1465 முதல் 1487 வரை. அப்படியானால் கையில் இருப்பது ஐந்நூறு ஆண்டுப் பழமை. எழுத்தே இல்லாவிட்டால், 'முத்திரை இல்லை, இது சும்மா' என்று ஒதுக்கிவிடுகிறோம். விற்பவர், வாங்குபவர், பாட்டி வீட்டுப் பரணிலிருந்து இறக்கி வந்தவர், சில சமயம் ஏலத்துக்குக் குறிப்பு எழுதுபவர் வரை எல்லோரும் நடக்கும் பாதை இதுதான்.

இந்த நம்பிக்கை அடியோடு தவறு. முத்திரையைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள் என்ற அளவில் நான் சொல்லவில்லை. ஆசியப் பீங்கானின் ஊரையும் காலத்தையும் தேடும்போது முத்திரை கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி. மண், அடிவளையம், மெருகு, நிறம், வரைந்த கை எல்லாம் சேர்ந்து ஒரு காலத்தைச் சொன்ன பிறகு முத்திரையும் அதையே சொன்னால் ஏற்கலாம். மற்றவை மறுக்க, அது மட்டும் தனித்து நின்று ஒன்றைச் சொன்னால் தள்ளிவிட வேண்டும்.

சீனப் பீங்கான் வரலாற்றின் பெரும்பகுதிக்கு ஆட்சி முத்திரையே கிடையாது என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பாத்திரத்தில் எழுதும் பழக்கம் யோங்லெ காலத்தில் (1403–1424) அரிதாகத் தலைகாட்டி, ஷுவாந்தெ காலத்தில் (1426–1435) நிலைபெற்றது. அதற்கு முன் சோங் வம்சத்தின் டிங் கிண்ணங்கள், ரூ கலன்கள், கடல் கடந்து ஆசியா முழுதும் போன லோங்சுவானின் பச்சைப் பாத்திரங்கள் எவற்றிலும் அப்படிப்பட்ட முத்திரை இல்லை. அவற்றின் அடியில் எழுத்தைத் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ரூ கலனின் அடியில் அவர் பார்க்க வேண்டியது, சூளையில் அதைத் தாங்கி நின்ற முட்கள் விட்டுப்போன எள்ளளவுத் தழும்புகளை.

எழுத்து வந்த பிறகாவது நிலைமை தெளிவானதா? செங்ஹுவாவையே எடுத்துக்கொள்வோம். அவர் காலத்துக் கோழிச் சித்திரக் கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போனது. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். அந்தப் பேரரசரின் பெயருக்கு இருந்த மதிப்பு இன்று வந்ததல்ல. மிங் வம்சத்தின் கடைசிக் காலத்திலேயே செங்ஹுவாப் பீங்கானுக்கு மக்கள் ஏங்கினார்கள். எனவே இருநூறு ஆண்டு கழித்துக் காங்ஷி காலத்தில் (1662–1722) ஜிங்டெஜென் நகரத்துச் சூளைகள் செங்ஹுவாவின் பெயரைத் தாராளமாக எழுதின. இதில் முன்னோர் கலைக்குச் செய்த மரியாதையும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் அடியில் செங்ஹுவா என்று எழுதிய பாத்திரங்களில் செங்ஹுவா காலத்தவை மிகச் சொற்பம் என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

காங்ஷி காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1677இல் ஜிங்டெஜென் பகுதியின் அதிகாரி ஒருவர், பாத்திரங்களில் பேரரசரின் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். உடைந்த பாத்திரத்தோடு பேரரசர் பெயரும் குப்பையில் கிடக்குமே என்ற அச்சம். அதனால் அக்காலத்து நல்ல பாத்திரங்கள் பலவற்றின் அடியில் இரட்டை நீல வளையம் மட்டும் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. சிலவற்றில் ஓர் இலையோ மங்கலச் சின்னமோ இருக்கும். வேறு சிலவற்றில் மிங் பேரரசர்களின் பெயர். அப்புறம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், குவாங்ஷு ஆட்சியில், நீல வெள்ளைப் பாத்திரங்களில் காங்ஷியின் பெயரை நான்கெழுத்தில் எழுதி ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். ஆக, மெய்யான காங்ஷிப் பாத்திரத்தில் காங்ஷி பெயர் இல்லாமலிருக்கும். அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டு கழித்துச் செய்ததில் அது இருக்கும். முத்திரைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்டு சொல்பவர் இரண்டிலும் தவறுவார்.

ஊர் விஷயத்திலும் இதே கதைதான். ஜப்பானின் ஆரிட்டாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீங்கான் தொழில் எழுந்தது. மிங் வம்சம் சரிந்து சீனத்தில் போர் நடந்த ஆண்டுகளில் சீனச் சரக்கு நின்றுபோக, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரிட்டாவிடம் திரும்பியது. 1659இல் பெரிய அளவில் சரக்கு கேட்டது. அந்தக் குயவர்கள் தங்கள் பாத்திரங்களில் எழுதியது என்ன? பல சமயம், 'மகத்தான மிங், செங்ஹுவா ஆட்சியில் செய்தது' என்ற அதே ஆறு சீன எழுத்துகள். எழுத்தை நம்பினால் அது சீனப் பாத்திரம். அடியை நன்றாகப் பார்த்தாலோ சிறு முள் தழும்புகள் தெரியும். சூட்டில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்து இறங்காமலிருக்க ஆரிட்டாக்காரர்கள் கீழே சிறு மண் கூம்புகளை முட்டுக் கொடுத்தார்கள். அவற்றை உடைத்தெடுத்த இடங்கள் அவை. ஜிங்டெஜென் தட்டுகளில் இந்தத் தழும்பு பொதுவாக இருக்காது. வாசகம் சீனம், வடு ஜப்பான். நான் வடுவை நம்புகிறேன்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைத்துப் பேசுவது சரியாகாது. அரண்மனைச் சூளைகளில் முத்திரையைக் கண்டவர் எழுதவில்லை, அதற்கென்றே தேர்ந்த எழுத்தர்கள் இருந்தார்கள், ஒவ்வோர் ஆட்சிக்கும் எழுத்தின் வளைவும் அழுத்தமும் தனி என்பார்கள். உண்மை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குத் தம் சேகரிப்பைக் கொடையளித்த சுன் யிங்ஜோ, செங்ஹுவா முத்திரையின் ஒவ்வோர் எழுத்தும் எப்படி இருக்கும் என்று மனப்பாடம் செய்ய ஒரு சிறு பாட்டே கட்டினார். ஆனால் அவர் பார்த்தது கோட்டின் போக்கை, நீலத்தின் ஆழத்தை, மெருகுக்குள் எழுத்து அமிழ்ந்து கிடக்கும் விதத்தை. அதாவது முத்திரையையும் ஓர் ஓவியமாகத்தான் பார்த்தார். அது சொல்லும் செய்தியை நம்பி ஆண்டு சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லி, எழுத்தைப் படித்துச் சொல்லும் கைபேசிச் செயலியை நியாயப்படுத்த முடியாது. அதோடு, அரண்மனைச் சூளையே பழையதைப் போலச் செய்தது. யோங்ஜெங் காலத்தில் (1723–1735) அங்கே மேற்பார்வைக்கு வந்த டேங் யிங், தாம் செய்வித்த வகைகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார். சோங் கால மெருகுகளைப் போலச் செய்தவை, மிங் கால நீலத்தைப் போலச் செய்தவை என்று அதில் வரிசையாக வருகின்றன. நாட்டின் மிகச் சிறந்த கைகள், மிகச் சிறந்த மண்ணில், பேரரசர் கேட்டுச் செய்த நகல்கள் அவை.

கள்ள வேலையும் அன்றே இருந்தது. ஜிங்டெஜென்னில் வாழ்ந்த பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதத்தில் அதை விவரிக்கிறார். புதுப் பாத்திரத்தைக் கொழுப்பேறிய இறைச்சிச் சாற்றில் வேகவைப்பார்கள், பிறகு கிடைப்பதிலேயே அழுக்கான சாக்கடையில் ஒரு மாதம் போட்டு வைப்பார்கள்; வெளியே எடுத்தால் முந்நூறு நானூறு ஆண்டுப் பழசாக விலை போகும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு பாடுபட்டவர்கள் தூரிகை எடுத்து ஆறு எழுத்து எழுதத் தயங்கியிருப்பார்களா?

அடுத்து, டேவிட் குடுவைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த இரண்டு நீல வெள்ளைக் குடுவைகளில் 1351க்குச் சமமான ஆண்டு எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுதானே 14ஆம் நூற்றாண்டு நீல வெள்ளைப் பீங்கானையே உலகம் அடையாளம் கண்டது என்பார்கள். இந்த உதாரணத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன்; ஏனென்றால் இது அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. அந்த வாசகம் அடியில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. அது ஆட்சிப் பெயர் முத்திரையும் இல்லை. யூஷான் வட்டாரத்தைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்ற பக்தர், குடும்பம் நலமாகவும் பிள்ளைகள் அமைதியாகவும் வாழ வேண்டிக்கொண்டு, ஒரு தூபக்காலையும் இந்தக் குடுவைகளையும் கோயிலுக்குக் காணிக்கையாக்கிய செய்தி அது. ஊர், பேட்டை, மாதம், நல்ல நாள் எல்லாம் அதில் உண்டு. நம் கோயில் விளக்கிலும் மணியிலும் உபயதாரர் பெயர் வெட்டியிருப்பது போன்ற சங்கதி. ஒரு மனிதன் ஒரு நாளில் செய்த காரியத்தைச் சொல்லும் வாசகமும், சூளையில் ஆயிரம் பாத்திரத்துக்கு ஒரே அச்சாக எழுதும் ஆட்சிப் பெயரும் ஒரே தரத்துச் சாட்சிகள் அல்ல.

அந்தக் குடுவைகளை வைத்து ஆய்வாளர் ஜான் அலெக்சாண்டர் போப் செய்த வேலை இன்னும் முக்கியம். 1950களில் அவர் இஸ்தான்புல்லின் டாப்காபி அரண்மனைச் சேகரிப்பையும் ஈரானின் அர்தபீல் சேகரிப்பையும் ஆராய்ந்தார். குடுவைகளில் இருந்த அலை, தாமரை, டிராகன், கொடி, இலை வரைந்த விதத்தை, ஆட்சி முத்திரை ஏதும் இல்லாத பெரிய தட்டுகளோடும் ஜாடிகளோடும் ஒப்பிட்டு, ஒரு நூற்றாண்டின் பீங்கானை முழுதாக எழுப்பி நிறுத்தினார். எழுத்தோடு வந்தவை இரண்டே குடுவைகள். மற்ற அத்தனையும் எழுத்தில்லாமல், கோட்டாலும் நிறத்தாலும் வடிவத்தாலும் காலம் பெற்றவை. அர்தபீல் பாத்திரங்களில் வேறொரு வெட்டு இருக்கிறது: ஈரான் மன்னர் ஷா அப்பாஸ் 1611இல் அவற்றை அங்குள்ள தர்காவுக்கு அர்ப்பணித்த அடையாளம். செய்த ஆண்டை அது சொல்லாது. ஆனால் 1611க்குப் பிந்தியதல்ல என்பதை உறுதியாகச் சொல்லும். குயவர் எழுதியதைவிடப் பிறகு உடைமையாளர் வெட்டியது நம்பத் தக்கதாக இருக்கிறது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் நிறம். மெருகுக்கு மேல் தீட்டிய ரோஜா நிறம், பொன்னின் நுண்துகளால் வருவது. 1720ஐ ஒட்டித்தான் சீனப் பீங்கானில் அது நுழைந்தது. ரோஜா நிறப் பூ வரைந்த தட்டின் அடியில் செங்ஹுவா என்றிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது. மெருகுக்கு மேல் தீட்டிய நீல எனாமலும் அப்படித்தான். மிங் கால வண்ணப் பாத்திரங்களில் நீலம் மெருகுக்கு அடியில் இருக்கும். மேலே நீலம் தீட்டுவது காங்ஷி காலத்தில் வழக்கானது. குரோமியம் என்ற தனிமத்தை 1797இல்தான் கண்டுபிடித்தார்கள். எனாமல் பச்சையில் அது இருப்பது எக்ஸ் கதிர்ச் சோதனையில் தெரிந்தால், அடியில் எந்தப் பேரரசர் பெயர் இருந்தாலும் அந்தப் பாத்திரம் 18ஆம் நூற்றாண்டுக்குரியது அல்ல.

மெருகுக்கு அடியிலுள்ள நீலமும் பேசும். யுவான் வம்சத்திலும் மிங் வம்சத்தின் தொடக்கத்திலும் மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. அது குவிந்த இடங்களில் கரும்புள்ளியாக மெருகை அமுக்கிக்கொண்டு நிற்கும். உள்நாட்டுத் தாதுவில் மாங்கனீசு அதிகம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த செயற்கை நீலம் மேடு பள்ளமின்றி ஒரே சீராக, சற்று ஊதா கலந்து கண்ணைக் குத்தும். ஆரிட்டாவுக்கு 1870இல் ஜெர்மானியர் காட்பிரிட் வாகனர் போய் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதே நீலத்தில் அச்சுத்தாள் வைத்து அடித்த ஜப்பான் தட்டுகள் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் போயின. கோடுகள் சிறு சிறு புள்ளிகளாக உடைந்தும், ஓரத்தில் அச்சு சேரும் இடம் ஒட்டாமலும் இருக்கும். இவற்றை மிங் என்று நம்பி வைத்திருப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுக்குள் செய்த, நேர்மையான சாப்பாட்டுத் தட்டு அது.

பிறகு அடிவளையம். மெருகு படாத அந்த ஒரு விரற்கடை மண்ணில்தான் குயவரின் கை நேராகத் தெரியும். கத்தி எப்படி ஓடியது, சூளை மணல் எங்கே ஒட்டியது, மண் வெண்மையா சாம்பலா, விரலால் தடவினால் வழுக்குகிறதா உறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். யுவான், தொடக்க மிங் பாத்திரங்களில் மெருகு முடியும் இடத்தை ஒட்டி மண் செம்மஞ்சளாகச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பு விளிம்பில் அடர்ந்து, தள்ளிப் போகப் போக மங்கும். போலியில் இரும்புக் கரைசல் பூசுவார்கள், அது ஒரே கனத்தில் படிந்திருக்கும். காங்ஷி காலத்துப் பெரிய தட்டுகள் பலவற்றில் மர இருக்கையில் அமர்வதற்காக அடிவளையத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். தென்சீனத்து ஜாங்ஜோவிலிருந்து வந்த முரட்டுத் தட்டுகளின் அடியில் பருமணல் ஒட்டிக்கொண்டே வரும். வியட்நாமியப் பாத்திரங்கள் பலவற்றின் அடியில் சாக்லேட் நிறப் பூச்சு இருக்கும்.

வியட்நாமைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். டாப்காபியில் 1450ஆம் ஆண்டையும் நாம் சாக் என்ற ஊரையும் குறிக்கும் ஒரு வியட்நாமியக் குடுவை இருக்கிறது. அதைப் பார்த்த ஜப்பானியத் தூதரக அதிகாரி ஒருவர் அந்த ஊர் எங்கே என்று வியட்நாமுக்கு எழுதிக் கேட்டார். அந்தத் தேடலின் விளைவாக 1980களில் சூ டாவ் கிராமத்தில் தோண்டினார்கள், சூளைகள் வெளிப்பட்டன. பின்னால் ஹோய் ஆன் அருகே 15ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றிலிருந்து லட்சக்கணக்கான வியட்நாமியப் பாத்திரங்கள் கிடைத்தன. ஒரு குடுவையின் வாசகம் ஊரைக் காட்டியது. ஆனால் ஊரை நிரூபித்தது சூளைக் கழிவு மண்.

கப்பல்கள் என் வாதத்துக்கு இன்னும் பெரிய துணை. டச்சுக் கப்பல் கெல்டர்மால்சன் 1752 ஜனவரியில் தென்சீனக் கடலில் மூழ்கியது. 1985இல் அதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பீங்கான்களை மேலே கொண்டுவந்தார்கள். ஏற்றுமதிக்காக வனைந்த தேநீர்க் கோப்பைகளும் சாப்பாட்டுத் தட்டுகளும் கிண்ணங்களும். அவற்றுக்கு இன்றைக்கு ஒரு சில ஆண்டு வித்தியாசத்தில் துல்லியமாகக் காலம் குறிக்க முடிகிறது. அதற்கு அடி முத்திரை தேவைப்படவில்லை. கப்பல் மூழ்கிய நாள் போதுமானதாக இருந்தது.

இங்கிலீஷ் எழுத்து முத்திரை பற்றி வேறொரு மூடநம்பிக்கை உண்டு. 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. 'சைனா' என்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பி, நாட்டின் பெயர் இல்லாவிட்டால் 1891க்கு முந்தியது என்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகாத பாத்திரத்துக்கு அமெரிக்கச் சட்டம் எப்படிப் பொருந்தும்? பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் வந்த சரக்கு அந்தச் சட்டத்தைச் சட்டை செய்ய வேண்டியதே இல்லை. அமெரிக்காவுக்குப் போன சரக்கிலும் பலவற்றில் காகிதச் சீட்டைத்தான் ஒட்டினார்கள். கழுவியதும் சீட்டு போய்விடும்.

ஆய்வுக்கூடம் முடிவு சொல்லிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்பன் சோதனை உயிர்ப்பொருளுக்கு உரியது. சுட்ட பீங்கான் மண்ணில் அதற்கு வேலையில்லை. வெப்ப ஒளிர்வுச் சோதனை சுடுமண் பொம்மைகளுக்கு நன்றாகப் பயன்படும். பீங்கானுக்கோ துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும், பிழை வரம்பும் பெரியது, செயற்கைக் கதிர்வீச்சால் அதை ஏமாற்றவும் வழியுண்டு. மெருகில் விரிசல் வலை இருந்தால் பழசு என்பதும் பொய். சோங் காலத்தவர் அழகுக்காகவே மெருகை வெடிக்க வைத்தார்கள். இன்றைய போலிக்காரர் அதையே செய்து, தேயிலைச் சாயத்தை ஊற்றிக் கருக்கிவிடுகிறார்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. போலிக்கு ஏமாந்தவர் பணத்தை இழக்கிறார். அது அவரோடு போகிற நட்டம். முத்திரை இல்லை என்று ஒதுக்கிய பழம்பாத்திரமோ உலகத்துக்கே போய்விடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் 2007இல் 3 டாலருக்கு வாங்கிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள டிங் கிண்ணம் என்று தெரிந்து 2013இல் 22 லட்சம் டாலருக்கு விற்றது. கனெடிகட்டில் 35 டாலருக்கு ஒருவர் வாங்கிய நீல வெள்ளைக் கிண்ணம் யோங்லெ காலத்தது என்று 2021இல் தெரியவந்தது. அதை அடையாளம் கண்டவர்கள் வடிவத்தையும் வரைந்த கையையும் நீலத்தையும் பார்த்தார்கள். அப்படிப் பார்க்க யாருமில்லாமல் குப்பைக்குப் போனவற்றுக்குக் கணக்கே இல்லை.

இது நமக்குத் தூரத்து விவகாரமும் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் நொபுரு கராஷிமா போன்ற ஜப்பானிய அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்த சீனப் பீங்கான் சில்லுகள், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டுத் துறைமுகத்துக்குச் சீனச் சரக்கு வந்ததைக் காட்டின. லோங்சுவான் பச்சையா, பூஜியான் வெள்ளையா, ஜிங்டெஜென் சரக்கா என்று மண்ணும் மெருகும் வடிவமும் பார்த்துத்தான் அவற்றைப் பிரித்தார்கள். முத்திரையைத் தேடியிருந்தால் நம் கடல் வணிக வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கூடையோடு கொட்டியிருப்போம்.

பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த ஜாடியும் தட்டும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை விற்கும் முன், யார், எந்த ஊரிலிருந்து, ஏறத்தாழ எந்த ஆண்டில் கொண்டுவந்தார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். அடிவளையத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைப் பிய்க்காதீர்கள். அருங்காட்சியகப் பொறுப்பிலிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கண்ணாடிப் பெட்டியில் பீங்கான்களை முகம் காட்டி மட்டும் அடுக்காமல், வகைக்கு ஒன்றையாவது கவிழ்த்து வையுங்கள். முத்திரை உள்ளதை அல்ல, அடி மண் நன்றாகத் தெரிவதை.